ராமபாணம் பதில்கள்

போன இதழ்ல "இந்தத் தடவை புத்தகம் பத்தி மட்டும் கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டாலும் போட்டோம், வந்த கடிதத்துல பாதி, புத்தகத்தை வாங்கிட்டுப் போய் திருப்பித் தராதவங்களைப் பத்தின புகார்தான். இடம் இருக்கற வரைக்கும் பதில் சொல்லிருக்கேன். விட்டுப்போனவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல பாப்போம்.

ஹிந்திக்கு இன்டர்நேஷனல் புக்கர் கிடைச்சாச்சு, கன்னடத்துக்கும் கிடைச்சாச்சு. தமிழுக்கு எப்பதான்க்கா?
கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நல்லா கெளப்புற வயித்தெரிச்சலை. இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வர்ற கதைப் புத்தகத்துக்குக் குடுக்கற பரிசு அது. 2022ல கீதாஞ்சலி ஸ்ரீயோட ஹிந்தி நாவலுக்குக் கெடச்சது, 2025ல பானு முஷ்டாக்கோட கன்னடச் சிறுகதைகளுக்கு, 'ஹார்ட் லேம்ப்'ங்கற பேர்ல இங்கிலீஷ்ல வந்தது. பானு முஷ்டாக் ஹாசன்ல வக்கீல். அவங்க முப்பது வருஷத்துக்கு மேல எழுதிச் சேர்த்ததுல இருந்து பன்னெண்டு கதையைப் பொறுக்கி எடுத்து மொழிபெயர்த்தது தீபா பஸ்தி, குடகுக்காரங்க. சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. பரிசுப் பணம் அம்பதாயிரம் பவுண்டு, எழுதினவங்களுக்குப் பாதி மொழிபெயர்த்தவங்களுக்குப் பாதி. நம்ம ஊர்ல மொழிபெயர்ப்பாளர் பேரை அட்டையில தேட பூதக்கண்ணாடி வேணும், அங்க சரிபாதி குடுக்கறான், அதை மொதல்ல கவனி கண்ணு.

தமிழ் ஒண்ணும் வாசல் பக்கமே போகலைன்னு இல்ல. பெருமாள்முருகனோட 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்புல, 2023ல நெடும்பட்டியல், அதான் முதல் கட்டத் தேர்வு, அது வரைக்கும் போச்சு. அதே வருஷம் அவரோட 'ஆளண்டாப் பட்சி', ஜனனி கண்ணன் மொழிபெயர்ப்புல, இந்திய நாவலுக்குக் குடுத்த ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்குச்சு. இதுல பெரிய சிக்கல் என்னன்னா, புக்கருக்குப் போகணும்னா புத்தகம் பிரிட்டன்லயோ அயர்லாந்துலயோ வெளியாகியிருக்கணும். எழுத ஆள் இருக்கு. ரெண்டு வருஷம் உக்காந்து மொழிபெயர்க்க ஆள் வேணும், அதைப் படிச்சிட்டு தைரியமா போட அங்க ஒரு பதிப்பாளர் வேணும். ஹார்ட் லேம்ப்பைப் போட்டது கூட பெரிய கம்பெனி இல்ல, ஷெஃபீல்டுல இருக்கற சின்னப் பதிப்பகம்தான். நம்ம அரசு 2023ல இருந்து சென்னையில பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்தி மொழிபெயர்ப்புக்கு நிதி குடுக்கறாங்க, அது உருப்படியான வேலை, பலன் தெரிய கொஞ்சம் நாளாகும்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. பூக்குழி படிச்சிருக்கியா? சின்ன நாவல்தான், காலேஜ் லைப்ரரில கேட்டுப் பாரு.

2025 நோபல் வாங்கின ஹங்கேரிக்காரர் பேரை எப்படிங்க சொல்றது? வாயில நுழையலையே?
வங்கி ஊழியர், கரூர்

லாஸ்லோ க்ராஸ்னஹோர்காய். மூணு தடவை வேகமா சொன்னீங்கன்னா நாலாவது தடவை வந்துரும். ஒரு விஷயம் தெரியுமா, அவங்க ஊர்ல குடும்பப் பேரு முன்னாடி, சொந்தப் பேரு பின்னாடி, கிட்டத்தட்ட நம்ம இனிஷியல் மாதிரி. அதனால அங்க அவரு க்ராஸ்னஹோர்காய் லாஸ்லோ. மனுஷன் முற்றுப்புள்ளி வைக்க மனசே வராத ஆளு, பக்கம் பக்கமா ஒரே வாக்கியமா எழுதுவாரு. 1985ல வந்த அவரோட முதல் நாவல் 'சாத்தான்டாங்கோ'ல ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே பத்தி. இதை சினிமாவா எடுத்தவர் பேலா தார், படம் ஏழு மணி நேரத்துக்கு மேல ஓடும். நமக்கு இதெல்லாம் ஜுஜுபி சார், எனக்கு வர்ற கடிதத்துல முக்கால்வாசிக்கு முற்றுப்புள்ளியே கெடையாது, யாருக்கும் நோபல் வரலை.

நவீன நாவல்னு சொல்லி முடிவே இல்லாம அந்தரத்துல விட்டுட்டுப் போயிடறாங்களே, இது என்ன நியாயம்?
ஓய்வு பெற்ற ஆசிரியர், அருப்புக்கோட்டை

ஐயா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற யோக்கியதை எனக்கு இருக்கான்னு இதைப் படிச்சிட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. இதுவரைக்கும் எழுத்துல சொன்னதில்ல.

தொண்ணூறுகள்ல நான் ராயப்பேட்டை பக்கம் ஒரு அச்சகத்துல ப்ரூஃப் பாத்துக்கிட்டிருந்தேன். அப்ப புத்தகக் காட்சி அண்ணா சாலையில காயிதே மில்லத் காலேஜ் மைதானத்துல நடக்கும். அங்க ஒரு நாவல் வாங்கினேன், எழுதினவர் பேரு வேண்டாம், அவர் மேல ஒரு தப்பும் இல்ல. ராத்திரி முழுக்க படிச்சு முடிச்சேன். கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு கெணத்தடியில தண்ணி எறைச்சுக்கிட்டிருக்கா, வாசல்ல யாரோ கூப்புடறாங்க, திரும்புறா. 'கயிறு நழுவியது.' அவ்வளவுதான், பின்னட்டை. எனக்கு மயிர்க்கூச்செரிஞ்சு போச்சு. அடேங்கப்பா, என்ன ஒரு நிறுத்தல்டா, யாரு கூப்பிட்டான்னு சொல்லலை, வாளி என்னாச்சுன்னு சொல்லலை, மனுஷன் வாசகர் கையில கயித்தைக் குடுத்துட்டுப் போயிட்டாரேன்னு ரெண்டு நாள் தூக்கம் இல்ல.

அடுத்த மாசம் ஒரு வாசகர் வட்டத்துல இதைப் பத்திப் பேசச் சொன்னாங்க. இருவது நிமிஷம் பேசினேன் ஐயா, நழுவினது கயிறு இல்ல, அவளோட வாழ்க்கைன்னு சொன்னேன், பெண்ணோட குரல் கெணத்துக்குள்ள விழுந்துருச்சுன்னு சொன்னேன், தமிழ் நாவல்ல இப்படி ஒரு திறந்த முடிவு வந்ததே இல்லன்னு மேசையைத் தட்டினேன். இருவத்தஞ்சு பேர் இருந்தாங்க, நல்ல கைத்தட்டல், ரெண்டு பேர் குறிப்பு வேற எடுத்தாங்க. பெரிய விமர்சகர் ஒருத்தர் காபி குடிக்கறப்ப "முடிவைச் சரியாப் புடிச்சீங்க"ன்னு பாராட்டிட்டுப் போனாரு.

மூணு வருஷம் கழிச்சு எங்க மாடி வீட்டு டீச்சரம்மா அந்தப் புத்தகத்தைக் கேட்டாங்க, குடுத்தேன், பாதியில ஊருக்குப் போறதா வந்து திருப்பிக் குடுத்துட்டாங்க. மிச்சத்தை அவங்க ஊர் லைப்ரரில எடுத்துப் படிச்சிருக்காங்க. திரும்பி வந்ததும் மாடிப்படியில நின்னுக்கிட்டே சொல்றாங்க, "என்ன இருந்தாலும் அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சே, நான் பயந்துக்கிட்டே இருந்தேன்." எந்தப் பொண்ணு? "அதான் கெணத்தடி பொண்ணு. அவ மாமன்ல வந்து கூப்புடறான், வாளியை எடுக்க அவனே எறங்குறானே?"

உள்ள ஓடிப்போய் என் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். கடைசிப் பக்கம் 208. இம்ப்ரிண்ட் பக்கத்துல, அதான் பதிப்பு விவரம் போடுவாங்களே அங்க, 'பக்கம்: 224'ன்னு பளிச்சுனு இருக்கு. கடைசி ஃபாரம், பதினாறு பக்கம், பைண்டிங்ல விட்டுப்போச்சு. பதிமூணு ஃபாரத்தை தச்சு அட்டை போட்டு அனுப்பிட்டாங்க. தினம் எட்டு மணி நேரம் பக்க எண்ணும் ஒத்தெழுத்தும் சரிபாக்கறதே என் பொழப்பு, என் புத்தகத்துல பாக்கலை.

மானம் போனது இருக்கட்டும் ஐயா. எனக்கு இன்னைக்கு வரைக்கும் உறுத்துறது வேற. அந்த இருவத்தஞ்சு பேர்ல ஒருத்தர் கூட எந்திரிச்சு "ஏம்மா, அதுக்கப்புறம் பதினாறு பக்கம் இருக்கே"ன்னு கேக்கலை. அந்த விமர்சகரும் கேக்கலை. எல்லாருக்கும் கடைசி ஃபாரம் இல்லாத காப்பியாவா வந்திருக்கும்?

அதனால முடிவு அந்தரத்துல நின்னா மொதல்ல இம்ப்ரிண்ட் பக்கத்தைப் பாருங்க. பக்க எண் சரியா இருந்தா அப்புறம் எழுத்தாளரைத் திட்டலாம்.

240 பக்க நாவலுக்கு 320 ரூபாய் விலை வைக்கறாங்க. பகல் கொள்ளை இல்லையா?
ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

கொள்ளைன்னா யாராவது ஒருத்தர் பணக்காரர் ஆகியிருக்கணும் தம்பி, இந்தத் தொழில்ல நான் அப்படி ஆளையே பாக்கலை. மேல சொன்னேனே ஃபாரம், டெமி சைஸ்ல ஒரு ஃபாரம்னா பதினாறு பக்கம். 240 பக்கம்னா பதினஞ்சு ஃபாரம். தட்டச்சு, லேஅவுட், ப்ரூஃப், அட்டைப் படம், இதுக்கெல்லாம் முந்நூறு காப்பி போட்டாலும் மூவாயிரம் காப்பி போட்டாலும் ஒரே செலவுதான். இன்னைக்கு இலக்கிய நாவல் பலதும் முந்நூறு காப்பிதான் போடறாங்க, அதுலயே மொத்தச் செலவும் ஏறி உக்காந்துக்கும். அப்புறம் கடைக்காரருக்குக் கழிவு, பொதுவா முப்பத்தஞ்சு நாப்பது சதவீதம் போயிரும். எழுதினவருக்குப் பத்து சதவீதம்னு பேச்சு, கைக்கு வந்தா அதிர்ஷ்டம். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனா அதை அச்சடிக்கற பேப்பருக்கு உண்டு, அந்தக் கணக்கும் விலையிலதான் வந்து விழுது. மூவாயிரம் பேர் வாங்கினா விலை தானா எறங்கும். விலை எறங்கினா வாங்கறேன்னு மூவாயிரம் பேர் காத்துக்கிட்டிருக்கீங்க, என்ன பண்றது?

பொன்னியின் செல்வன் எந்தப் பதிப்பு வாங்கலாம்? நானூறு ரூபாய்ல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் இருக்கே, குழப்பமா இருக்கு.
இல்லத்தரசி, ஓசூர்

கல்கி எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால யார் வேணா அச்சடிக்கலாம்மா, யாருக்கும் ராயல்டி குடுக்க வேண்டியதில்ல. அதான் இத்தனை பதிப்பு. 2022ல படம் வந்தப்புறம் பெட்டிக்கடையில மட்டும்தான் விக்கலை. விலை கம்மின்னா மோசம்னு இல்ல, ஆனா கையில எடுத்துப் பாக்காம வாங்காதீங்க.

மொதல்ல முழுசா இருக்கான்னு பாருங்க, சுருக்கின பதிப்பும் அதே பேர்லதான் வருது. புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. மொத்தம் 293. கடைசி பாகத்தை எடுத்து 91வது அத்தியாயம் இருக்கான்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். அப்புறம் நடுவுல எங்கயாவது பிரிச்சு ரெண்டு பக்கம் படிங்க. மலிவுப் பதிப்பு சிலதுல ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்தினதை யாருமே படிச்சுப் பாக்காம அச்சுக்கு அனுப்பிடறாங்க, துணைக்கால் எல்லாம் ரகரமா மாறி, யானை 'யரனை'ன்னு ஓடிக்கிட்டிருக்கும். ரெண்டு பக்கத்துல நாலு பிழை கண்ணுல பட்டா கீழ வச்சிடுங்க. அஞ்சு பாகத்தையும் ஒரே குண்டு புத்தகமா போட்டதை வாங்காதீங்க, படுத்துக்கிட்டுப் படிச்சா நெஞ்சு வலிக்கும், உக்காந்து படிச்சா கை வலிக்கும், மூணாவது மாசம் முதுகு பிளந்துக்கும். தனித்தனி பாகம், தையல் பைண்டிங். ஓவியர் மணியம் படம் போட்ட பதிப்பு கெடச்சா கூடக் கொஞ்சம் காசு குடுக்கலாம், 1950ல தொடரா வர ஆரம்பிச்சப்ப வாரா வாரம் ஜனங்க பாத்த முகம் அதுதான்.

காரைக்குடி பக்கம் எங்க பூர்வீக வீட்டைக் காலி பண்றோம். அப்பத்தா ஒரு தகரப் பெட்டி நெறைய பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழிச்சு பைண்டு பண்ணி வச்சிருக்காங்க. பூச்சி அரிச்சிருக்கு. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாமா? அப்புறம் உங்க பேருக்கு என்ன அர்த்தம்?
மென்பொருள் ஊழியர், பெங்களூரு

போடாதீங்க! லெட்டரைப் படிச்சதும் ஓடிவந்து கையைப் புடிக்கலாம் போல இருந்துச்சு.

பேரை முதல்ல சொல்லிடறேன். ஓலைச்சுவடியில ஒரு பூச்சி இந்தப் பக்கம் துளைச்சு அத்தனை ஏட்டையும் தாண்டி அந்தப் பக்கம் வரும். ராமர் ஒரே அம்புல ஏழு மராமரத்தைத் துளைச்சாரில்ல, அதான் அதுக்கு ராமபாணம்னு பேர் வச்சிட்டாங்க நம்ம பெரியவங்க. சுவடியே போகுதுன்னு அழ வேண்டிய நேரத்துல இப்படி ஒரு பேர் வைக்கத் தோணிச்சு பாருங்க. வெள்ளி நிறத்துல சரசரன்னு ஓடுற மீன் மாதிரிப் பூச்சியையும் இப்ப ராமபாணம்னுதான் சொல்றோம், அது துளைக்காது, மேலோட்டமா சுரண்டித் தின்னும், பைண்டிங் பசைன்னா அதுக்கு அல்வா. நானும் தொழில்ல பக்கம் பக்கமாத் துளைச்சவதானே, அதான் அந்தப் பேரை எடுத்துக்கிட்டேன்.

உங்க பெட்டிக்கு வருவோம். அந்தக் காலத்துல வீட்டுப் பொம்பளைங்க வாராவாரம் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் உருவி, வருஷக் கடைசியில பைண்டரைக் கூப்பிட்டு, காலிகோ துணி ஒட்டி முதுகுல பேர் போட்டு வாங்கி வைப்பாங்க. அதுல கதையை விட எனக்கு ருசி, பின்பக்கத்துல மாட்டிக்கிட்டு வந்த மத்ததெல்லாம்தான். பாதி அறுந்த சோப்பு விளம்பரம், பாதி ஜோசியம், பாதி ஜோக். அந்த இதழ் முழுசா வேற எங்கயும் இல்லாமலே போயிருக்கலாம். உங்க ஊருக்குப் பக்கத்துலயே கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர் இருந்தாரு, விளம்பரப் பலகை எழுதற ஓவியர், மனுஷன் காலமெல்லாம் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு சேர்த்துத் தள்ளிட்டாரு. அவர் போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தூக்கிட்டுப் போகாம இங்கயே வச்சுச்சு, அதான் இப்ப தரமணியில இருக்கற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உங்க பெட்டியில என்னென்ன வருஷம் இருக்குன்னு ஒரு பட்டியல் எழுதி அவங்களுக்குக் காட்டுங்க.

அதுவரைக்கும், மொட்டை வெயில்ல காயப்போட்டுடாதீங்க, பேப்பர் அப்பளம் ஆயிடும். நிழல்ல வச்சு, பழைய பெயிண்ட் பிரஷ் நல்லா கழுவிக் காய வச்சது, அதால உள்ளிருந்து வெளிய தட்டி விடுங்க. பூச்சி உயிரோட இருந்தா, ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் கவர்ல காத்துப் போகாம கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு வாரம். எடுத்ததும் கவரைப் பிரிக்காதீங்க, சூடு ஆறுற மாதிரி குளிர் ஆறட்டும், இல்லன்னா உள்ள வேர்த்துப் போயிடும். எங்க வீட்டுல இதைப் பண்ணப்ப எங்க வீட்டுக்காரர் ராத்திரி ஐஸ்க்ரீம்னு நெனச்சு ஒரு சிறுகதைத் தொகுதியை எடுத்துட்டு வந்து நின்னாரு. வசம்பு, வேப்பிலை எல்லாம் அலமாரில போடலாம், புது பூச்சி வராம இருக்க ஏதோ உதவும், உள்ள இருக்கறதை அது கொல்லாது. கிழிஞ்ச எடத்துல செலோ டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல அது பழுப்புக் கறையா மாறி எழுத்தையும் சேர்த்துத் தின்னுடும்.

சாகித்ய அகாதெமி விருது அறிவிச்சாலே வருஷா வருஷம் சண்டை வருதே?
மருந்துக்கடை உரிமையாளர், விருதுநகர்

சண்டை இருந்தாத்தான் உயிரோட இருக்கோம்னு அர்த்தம். 2023க்கு தேவிபாரதியோட 'நீர்வழிப் படூஉம்', 2024க்கு ஆ.இரா. வேங்கடாசலபதியோட 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. ரெண்டாவது நாவல் இல்ல, ஆராய்ச்சி நூல், வ.உ.சி.யைக் கைது பண்ணதும் திருநெல்வேலி கொந்தளிச்ச கதை. விருது வந்த அன்னைக்கு எனக்கு மூணு பேர் போன் பண்ணி "இதுக்குப் போய் குடுத்திருக்காங்களே"ன்னாங்க. மூணு பேர்கிட்டயும் படிச்சீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் மதிப்புரை படிச்சிருக்காரு. இன்னொருத்தர் மதிப்புரைக்கு வந்த மறுப்பைப் படிச்சிருக்காரு. மூணாவது ஆளு லைனைக் கட் பண்ணிட்டாரு.

என் பையன் காமிக்ஸ் தவிர எதையும் தொட மாட்டேங்கறான். பதினொரு வயசு. என்ன பண்றது?
ஒரு அம்மா, திருப்பூர்

இன்னும் ரெண்டு காமிக்ஸ் வாங்கிக் குடுங்க. சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் 1972ல வர ஆரம்பிச்சுது, லயன் 1984ல. இரும்புக்கை மாயாவியைப் படிச்சு வளந்தவங்கதான் இன்னைக்குத் தலைமுடி நரைச்சு ரஷ்ய நாவல் பத்தி சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. எழுத்துக்கூட்டிப் படிக்கறானில்ல, அதுபோதும்.

நான் புத்தகம் கையில எடுத்தா நாலு பக்கத்துல மொபைல் கூப்புடுது. முன்னாடி ஒரே மூச்சுல படிப்பேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சு மேடம்.
ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும் ஆயிடுச்சு, போன வாரம் ஒரு கட்டுரையை நடுவுல விட்டுட்டு வெங்காய வெலை பாக்கப் போனவ நாப்பது நிமிஷம் கழிச்சு ஒரு கல்யாண ஊர்வல வீடியோல இருந்து வெளிய வந்தேன். எனக்குக் கொஞ்சம் வேலைக்கு ஆனது, போனை சமையல்கட்டுல சார்ஜ் போட்டுட்டு பின்கட்டுல போய் உக்காந்துக்கறது. எந்திரிச்சுப் போகணும்னா முட்டி வலிக்கும், அதனால போறதில்ல. உங்களுக்கு முட்டி நல்லா இருக்கும்னா வேற வழி தேடணும். கிண்டில்ல 2016 கடைசியில இருந்து தமிழ் இருக்கு, படிக்கறதுக்கு மட்டுமேயான அந்தச் சின்ன கருவியில வாட்ஸ்அப் கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. பெரிய நாவல்ல ஆரம்பிக்காதீங்க, சிறுகதை, ஒரு நாளைக்கு ஒண்ணு, பஸ்ல.

எங்க ஊர் கிளை நூலகத்துல புதுப் புத்தகமே வர்றதில்ல. வர்றவங்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கறவங்கதான். இனி நூலகம் தேவையா?
அஞ்சல் ஊழியர், சீர்காழி

சீர்காழியில இருந்துக்கிட்டு இந்தக் கேள்வியா! உங்க ஊர்ல பொறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாரா இருந்து 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், நூலகத்துக்கு அஞ்சு விதின்னு 1931ல எழுதினவர். முதல் விதி, புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான். கேக்க சப்புனு இருக்கும், ஆனா அப்ப பல ஊர்ல பீரோவுக்குப் பூட்டுப் போட்டு சாவி தலைவர் வீட்டுல இருக்கும். அதே 1931ல மன்னார்குடி பக்கம் மேலவாசல்ல மாட்டுவண்டியில புத்தகத்தை ஏத்தி ஊர் ஊரா அனுப்பினாங்க, கனகசபை பிள்ளைன்னு ஒருத்தர் ஏற்பாடு, தொடங்கி வச்சது ரங்கநாதன். நாட்டுக்கே முன்மாதிரியா 1948ல சென்னை மாகாணத்துல நூலகச் சட்டம் வந்துச்சு. நீங்க கட்டற சொத்து வரியோட நூலக வரியும் சேர்ந்துதான் போகுது, ரசீதைப் பாருங்க.

காசு கட்டிட்டுக் கேக்காம இருந்தா எப்படி? என்ன புத்தகம் வேணும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு நூலகர்கிட்ட குடுங்க, கூட நாலு பேரையும் எழுதச் சொல்லுங்க. கேட்டதுக்கு சாட்சியா ஒரு தாள் இருக்கணும், அவருக்கும் மேல கேக்க அது உதவும். போட்டித் தேர்வுப் புள்ளைங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. ஃபேன் ஓடற, காசு கேக்காத, யாரும் எந்திரின்னு சொல்லாத எடம் அதுங்களுக்கு வேற எங்க இருக்கு?

இலங்கை எழுத்தாளர்களோட பழைய புத்தகம், பத்திரிகை எதுவும் இங்க கெடைக்கறதில்லையே?
ஆய்வு மாணவர், புதுச்சேரி

நூலகம்னே பேர் வச்ச ஒரு இணைய நூலகம் இருக்கு, ஈழத்து ஆளுங்க 2005ல ஆரம்பிச்சது, ஆயிரக்கணக்குல ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க. 1981ல யாழ்ப்பாணம் நூலகத்தோட சேர்த்து தொண்ணூத்தேழாயிரம் புத்தகம் எரிஞ்சதைப் பாத்தவங்க, ஒரு காப்பியை ஒரே எடத்துல வச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. டொமினிக் ஜீவா 1966ல இருந்து நடத்தின 'மல்லிகை' இதழ்கள் அங்க இருக்கு, அதுல ஆரம்பிங்க. அவர் யாழ்ப்பாணத்துல சலூன்ல முடிவெட்டிக்கிட்டே இலக்கியப் பத்திரிகை நடத்தினவர். நாலு இதழைப் புரட்டினாலே உங்க ஆய்வுத் தலைப்பு மாறினாலும் மாறிடும், கைடுகிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க.

இரவல் குடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்க வழி?
பேர் வேண்டாம், தஞ்சாவூர் (இதே கேள்வி இன்னும் பதினேழு ஊர்ல இருந்து)

ஒரு நோட்டு போடுங்க. பேரு, தேதி, புத்தகம், அவங்க கையாலயே எழுத வைங்க, கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. தன் கையெழுத்தைப் பாத்தா கொஞ்சம் கூச்சம் வரும். அப்பவும் வரலைன்னா, அவங்க வீட்டுக்குப் போங்க, நல்லா காபி குடிச்சிட்டு, அவங்க அலமாரில இருந்து ஒண்ணை இரவல் கேளுங்க. பிணை.

புத்தகத்துல அடிக்கோடு போடலாமா?
சென்னை

உங்க புத்தகம்னா பென்சில்ல. லைப்ரரி புத்தகம்னா கையை ஒடிக்கணும்.

இந்தத் தடவை முதல் தடவையா சென்னை புத்தகக் காட்சிக்கு வரப்போறேன். ஏதாவது சொல்லுங்கம்மா.
பாலிடெக்னிக் மாணவர், தருமபுரி

வாப்பா. 1977ல இருந்து நடக்குது, எத்தனையோ எடம் மாறிடுச்சு, இப்ப நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம். ஜனவரியில பொங்கல் லீவுல வந்தா புத்தகத்தைப் பாக்க முடியாது, முதுகைத்தான் பாக்கலாம், அதனால வாரநாள் மத்தியானமா வா. எல்லா ஸ்டால்லயும் பத்து சதவீதம் கழிவு உண்டு, பில்லுல குறைச்சிருக்காங்களான்னு பாத்துக்கோ. முதல் சுத்துல எதையும் வாங்காத, ஒரு சின்னத் தாள்ல ஸ்டால் நம்பரும் பேரும் குறிச்சுக்கிட்டே போ, ரெண்டாவது சுத்துல பாதி ஆசை தானாக் கொறைஞ்சிடும். பஸ் காசைத் தனியா சாக்ஸ்ல வச்சிடு, நான் ஒரு வருஷம் நந்தனத்துல இருந்து மயிலாப்பூர் வரைக்கும் பதினோரு கிலோ புத்தகத்தோட நடந்திருக்கேன்.

பில் போடறதுக்கு முன்னாடி இம்ப்ரிண்ட் பக்கத்துல போட்டிருக்கற பக்க எண்ணிக்கையையும் கடைசிப் பக்க எண்ணையும் ஒத்துப் பாத்துடு. போன தடவை நான் ஏழு புத்தகத்தை வரிசையாப் பிரிச்சு வச்சு இப்படிப் பாத்துக்கிட்டிருந்தப்ப கவுன்ட்டர்ல இருந்த பையன் "அம்மா நீங்க ஆடிட்டரா?"ன்னான். ஆறு சரியா இருந்துச்சு. ஏழாவதுல நடுவுல ஒரு ஃபாரம் ரெண்டு தடவை இருந்துச்சு, வேற காப்பி மாத்திக் குடுத்தான்.